மதில் விழுமுன் ஒரு சொல், விழுந்தபின் ஒரு சொல்: எசேக்கியேலின் செய்தி

தீர்க்கதரிசி எசேக்கியேல் பேசத் தொடங்கியபோது யூதாவின் தலைநகரான எருசலேம் இன்னும் விழவில்லை. விவிலியத்தை முதன்முறையாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடும் செய்தி இது. இதைக் கவனிக்காவிட்டால், அவர் பெயரிலுள்ள நூலின் முதல் 24 அதிகாரங்கள் ஏன் அவ்வளவு கடுமையாக இருக்கின்றன என்பதும், 33-ஆம் அதிகாரத்துக்குப் பின் அதே மனிதரின் பேச்சு ஏன் அடியோடு மாறுகிறது என்பதும் விளங்காமலே போய்விடும். அவர் ஏற்கெனவே பாபிலோனியாவுக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டார். ஆனால் அவர் பிறந்து வளர்ந்த நாட்டில் மதிலும் ஆலயமும் அரசனும் அப்போதும் இருந்தபடியே இருந்தன. அவரோடு கொண்டுவரப்பட்டவர்கள், இன்னும் கொஞ்ச காலத்தில் வீடு திரும்பிவிடலாம் என்று மூட்டையை அவிழ்க்காமல் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பைக் கலைப்பதுதான் அவருக்கு முதலில் கிடைத்த வேலை.

நிகழ்வுகளின் வரிசையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சாலொமோனுக்குப் பின் இஸ்ரவேல் மக்கள் இரண்டு அரசுகளாகப் பிரிந்தார்கள். வடக்கிலிருந்த இஸ்ரவேல் அரசு கி.மு. 722-இல் அசீரியரிடம் அழிந்தது. தெற்கிலிருந்த யூதா மட்டும் எஞ்சியது. கி.மு. 605-இல் கர்கேமிஷ் போரில் எகிப்தை முறியடித்த பாபிலோன், அந்த வட்டாரம் முழுவதற்கும் எசமானன் ஆனது. அதற்குக் கப்பம் கட்டிவந்த யூதா இடையில் மறுத்தபோது, பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் படையோடு வந்து கி.மு. 597-இல் எருசலேமைப் பிடித்தான். லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று, அவன் நகரத்தைப் பிடித்த நாளையே குறித்துவைத்திருக்கிறது. இன்றைய கணக்கில் அது மார்ச் 16. அவன் நகரத்தை அப்போது இடிக்கவில்லை. அரியணையேறி மூன்றே மாதங்கள் ஆகியிருந்த 18 வயது அரசன் யோயாக்கீனையும், அரண்மனையாரையும், கொல்லர் தச்சர் முதலிய கைவினைஞரையும், போர்வீரரையும் கொண்டுபோனான். யோயாக்கீனின் சிற்றப்பன் சிதேக்கியாவை அரசனாக வைத்தான். அந்தக் கூட்டத்தோடு போன ஆசாரியக் குடும்பத்து (ஆலயக் குருக்கள் குடும்பத்து) இளைஞர்தான் பூசியின் மகன் எசேக்கியேல். சிதேக்கியாவும் ஒருநாள் கலகம் செய்ய, பாபிலோன் மீண்டும் வந்து, கி.மு. 587-இலோ 586-இலோ (அறிஞர்களிடையே ஓராண்டு வேறுபாடு உண்டு) ஆலயத்தை எரித்து மதிலை இடித்து, இன்னொரு கூட்டத்தையும் கொண்டுபோனது. ஆக, இரண்டு நாடுகடத்தல்கள். இடையில் பத்தாண்டுக்கும் மேற்பட்ட ஓர் இடைவெளி. எசேக்கியேலின் முதல் செய்தி அந்த இடைவெளிக்குள் சொல்லப்பட்டது.

இரண்டு சொற்கள் பற்றி

தமிழில் இதைப் படிக்கும்போது இரண்டு சொற்கள் நம்மைச் சற்றே வழிதவறச் செய்யும். ஒன்று, பழைய மொழிபெயர்ப்பின் வழியாக நமக்குப் பழகிவிட்ட 'சிறையிருப்பு'. அதைக் கேட்டவுடன் விலங்கும் கம்பிக் கதவும் மனத்தில் வருகின்றன. நடந்தது அதுவல்ல. பாபிலோன் இந்த மக்களைக் கூட்டங்கூட்டமாக, பாழடைந்து கிடந்த வயல்வெளிகளில் குடியேற்றியது. அவர்கள் கால்வாய்ப் பாசனத்தில் பயிர் செய்து அரசுக்கு வரி செலுத்தினார்கள். எசேக்கியேலுக்குச் சொந்தமாக வீடு இருந்தது. மூப்பர்கள் அங்கே வந்து அவர் முன் உட்கார்ந்தார்கள் என்று அவரே எழுதுகிறார். அவர் இருந்த ஊரின் பெயர் தெலாபீப். பாபிலோனிய மொழியில் 'வெள்ளம் அழித்த மேடு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது வந்திருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து; ஏபிரேயக் காதில் அது 'இளங்கதிர் மேடு' என்று ஒலித்தது. (1909-இல் மத்தியதரைக் கடலோரத்தில் தொடங்கப்பட்ட நகரத்துக்கு மறு ஆண்டு இதே பெயரை எடுத்துச் சூட்டினார்கள்; இன்றைய டெல் அவீவ் அதுதான். மணல்மேட்டின்மேல் கட்டிய புது நகரத்துக்கு நாடுகடத்தப்பட்டோரின் ஊர்ப்பெயர்.)

இந்த வாழ்க்கைக்கு விவிலியத்துக்கு வெளியிலும் சான்று இருக்கிறது. பாபிலோன் அரண்மனை அகழ்வில் கிடைத்த எண்ணெய்ப் பங்கீட்டுக் கணக்குப் பலகைகளில் யூதா நாட்டு அரசன் யோயாக்கீனின் பெயரும், அவனுடைய ஐந்து மகன்களுக்கு அளந்த எண்ணெயின் அளவும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கி.மு. 592-ஐச் சேர்ந்தது. 'யூதா ஊர்' என்று பெயர் பெற்ற ஒரு குடியேற்றத்தின் கடன் பத்திரங்களும் குத்தகைச் சீட்டுகளும் களிமண்ணில் கிடைத்துள்ளன. அவற்றுள் மிகப் பழையது கி.மு. 572-க்கு உரியது. பார்லி, பேரீச்சை, வரி, சாட்சிகளின் பெயர் என்று சலிப்பூட்டும் விவரங்கள்தாம். ஆனால் அந்தச் சலிப்புதான் முக்கியம்: சாட்டையடி பட்டுக் கொட்டடியில் கிடந்த மனிதர்களைவிட, மண்ணில் வேர்பிடிக்கத் தொடங்கியும் மனத்தளவில் வேறொரு மண்ணில் வாழ்ந்த மனிதர்களோடு பேசுவது கடினமான வேலை.

இன்னொரு சொல் 'தீர்க்கதரிசி'. நெடுந்தொலைவு பார்க்கிறவர் என்று அதன் வடமொழிப் பகுப்பு சொல்வதால், வருங்காலத்தை முன்கூட்டியே அறிவிப்பவர் என்ற எண்ணம் நமக்குப் படிந்துவிட்டது. கத்தோலிக்கர் வழங்கும் 'இறைவாக்கினர்' என்ற சொல் ஏபிரேயக் கருத்துக்கு நெருக்கமானது. கடவுளின் வாயாக நின்று அன்றைய மக்களிடம் அன்றைய காரியத்தைப் பேசுகிறவர் என்பதே அதன் பொருள். வருங்காலமும் அதில் வரும், ஆனால் பெரும்பாலும் எச்சரிக்கையாக வரும். எசேக்கியேலின் நூலிலேயே இதற்கு ஓர் அழகான சான்று உண்டு. தீரு நகரத்தை நேபுகாத்நேச்சார் தரைமட்டமாக்குவான் என்று அவர் 26-ஆம் அதிகாரத்தில் அறிவித்தார். நீண்ட முற்றுகைக்குப் பின்னும் அப்படி நடக்கவில்லை. கி.மு. 571-ஐச் சேர்ந்த 29-ஆம் அதிகாரப் பகுதியோ, பாபிலோன் படையினரின் தலை வழுக்கையாகித் தோள் தோலுரிந்துபோகும் அளவுக்கு உழைத்தும் தீருவிடமிருந்து கூலி கிடைக்கவில்லை, அதற்கு ஈடாக எகிப்து தரப்படும் என்று சொல்கிறது. பழைய அறிவிப்பைத் திருத்தி எழுதாமல் இரண்டையும் ஒரே நூலில் வைத்திருக்கிறார்கள். ஜோதிடருக்கு இது தொழிலைக் கெடுக்கும். இறைவாக்கினருக்கு இது இயல்பு.

விழாது என்ற நம்பிக்கை

எருசலேம் விழாது என்று மக்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. கி.மு. 701-இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதாவின் கோட்டைநகர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து எருசலேமையும் வளைத்தான்; எசேக்கியா அரசனைக் கூண்டுப் பறவைபோல் அடைத்துவைத்ததாகத் தன் கல்வெட்டிலே பெருமை பேசினான்; ஆனால் நகரத்துக்குள் நுழைய அவனால் முடியவில்லை. அதிலிருந்து ஒரு நூற்றாண்டுக் காலம், 'கடவுளின் வீடு இங்கே இருக்கிறது, ஆகவே இந்த நகரத்துக்கு ஒன்றும் ஆகாது' என்ற எண்ணம் ஊறி ஊறிக் கெட்டிப்பட்டது. இரண்டே ஆண்டில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி எருசலேமில் கூட்டத்துக்கு முன் அறிவித்தார். அவரை எதிர்த்து நின்ற எரேமியா, பாபிலோனில் இருப்பவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் நகரத்தின் நலனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று. எசேக்கியேலும் எரேமியாவும் ஒரே காலத்தவர். இருவருமே ஆசாரியக் குடும்பத்தார். இருந்தும் இருவர் நூலிலும் மற்றவர் பெயர் இல்லை. ஆளுக்கொரு முனையிலிருந்து ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எருசலேமில் மீந்திருந்தவர்கள், கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றி, 'அவர்கள் கடவுளை விட்டுத் தூரம் போய்விட்டார்கள், நிலம் இனி நமக்குத்தான்' என்று பேசிக்கொண்டார்கள் என்று 11-ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. ஊரைவிட்டுப் போனவன் பங்கை ஊரில் இருப்பவன் எடுத்துக்கொள்ளும் இந்த வழக்கமான சண்டைக்கு அடியில் ஓர் இறையியல் கேள்வி மறைந்திருந்தது. கடவுள் எங்கே இருக்கிறார்? ஆலயத்தில் என்றால், தெலாபீப் இருந்த கேபார் கால்வாயோரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கடவுள் இல்லை என்றாகிவிடும்.

எசேக்கியேல் கண்ட முதல் காட்சி அந்தக் கேள்விக்கு நேரடியான பதில். கி.மு. 593, கோடைக்காலம். நூல் தொடக்கத்தில் வரும் '30-ஆம் வருஷம்' அவருடைய வயது என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால், ஊரில் இருந்திருந்தால் ஆலயப் பணியில் முழுமையாக நின்றிருக்க வேண்டிய வயதில் அவர் அந்நிய மண்ணில் ஒரு வாய்க்கால் கரையில் நிற்கிறார். வடக்கிலிருந்து புயல்காற்று வருகிறது, நெருப்பு, மனிதன், சிங்கம், எருது, கழுகு என்று நான்கு முகமுள்ள நான்கு உயிர்கள், அவற்றின் மேல் நீலக்கல் போன்ற சிங்காசனம். படிப்பவர்கள் முகங்களை எண்ணுவதிலேயே களைத்துப்போகிறார்கள். கவனிக்க வேண்டியது சக்கரங்களை. அந்தச் சிங்காசனத்துக்குச் சக்கரம் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று பொருந்திய சக்கரங்கள், திரும்பாமலே நான்கு பக்கமும் செல்லக்கூடியவை. எருசலேமில் மட்டும் அமர்ந்திருக்கிறவர் என்று நினைத்த கடவுள், யாரும் அழைக்காமலே பாபிலோனுக்கு வந்துவிட்டார். பிற்கால யூத மரபு இந்த அதிகாரத்தைத் 'தேர்' என்றே பெயரிட்டு அழைத்தது. பக்குவம் இல்லாதவருக்கு இதைக் கற்பிக்கக் கூடாது என்றும் விதித்தது.

செங்கல், அப்பம், மூட்டை

காவற்காரன் வேலை அவருக்குத் தரப்பட்டது. வாள் வருவதைக் கண்டு கொம்பு ஊதாத காவற்காரன் செத்தவர்களின் இரத்தத்துக்குப் பொறுப்பாளி. ஊதியும் கேட்காதவன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு. கேட்பார்களா என்பது அவர் கவலை அன்று என்று தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது. அவர் ஊதியது பெரும்பாலும் வாயால்கூட அன்று, செய்கையால்.

ஒரு செங்கல்லை எடுத்து அதில் எருசலேமின் உருவத்தைக் கீறச் சொல்லப்படுகிறது. பாபிலோனியாவில் கல் கிடையாது, எல்லாமே களிமண்தான். வீடும் களிமண், கடிதமும் களிமண், வரைபடமும் களிமண். அவர் இருந்த வட்டாரத்து நிப்பூர் நகரத்தின் வரைபடம் கீறிய களிமண் பலகை ஒன்று, அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது, இன்றும் இருக்கிறது. ஆகவே எருசலேமைச் செங்கல்லில் கீறியதைப் பார்த்தவர்களுக்கு அது விசித்திரமாகப் பட்டிருக்காது. அதற்கப்புறம் செய்ததுதான் விசித்திரம். அந்தச் செங்கல்லைச் சுற்றி மண்மேடு எழுப்பி, சின்னப் பாளையங்களும் இடிக்கும் பொறிகளும் வைத்து, தனக்கும் நகரத்துக்கும் நடுவே ஓர் இருப்புச்சட்டியை மதில்போல் நிறுத்தி, முற்றுகை விளையாட்டு விளையாடினார், வளர்ந்த மனிதர், ஆசாரியர். இடப்பக்கம் சாய்ந்து 390 நாள், வலப்பக்கம் சாய்ந்து 40 நாள் படுத்துக் கிடக்க வேண்டும் என்றும் கட்டளை. ஒரு நாள் ஓர் ஆண்டுக்கு ஈடு.

அந்நாள்களில் அவர் என்ன சாப்பிட வேண்டும் என்பதும் அளந்து தரப்பட்டது. கோதுமை, வாற்கோதுமை, பயறு வகைகள், தினை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டிச் சுட்ட அப்பம், நாளொன்றுக்கு 20 சேக்கல். அதாவது கால் கிலோவுக்கும் குறைவு. தண்ணீர் அரை லிட்டரைச் சற்றே தாண்டும். குதிரின் அடியைச் சுரண்டி எடுத்த தானியங்களைக் கலந்து வயிற்றைக் கழுவும் முற்றுகைக் காலச் சமையல் அது. அதை மனிதக் கழிவை எரித்துச் சுட வேண்டும் என்று கேட்டபோதுதான் அவர் முதன்முறையாக வாய்திறந்து மறுக்கிறார்: சிறுவயது முதல் தீட்டான எதையும் நான் தின்றதில்லையே என்கிறார். சரி, மாட்டுச்சாண வறட்டியை வைத்துக்கொள் என்று சலுகை கிடைக்கிறது. நூல் முழுவதிலும் அவர் தனக்காகக் கேட்ட ஒரே சலுகை இதுதான் என்று நினைக்கிறேன். அதுவும் ஓர் ஆசாரியனின் ஆசாரம் குறித்தது.

பின்னொரு நாள், கொண்டுபோகப்படுகிறவனைப்போல் மூட்டை கட்டி, எல்லாரும் பார்க்க வீட்டுச் சுவரைக் கையால் துளைத்து, இருட்டும் வேளையில் முகத்தை மூடிக்கொண்டு அதன் வழியே வெளியேறினார். மூட்டையைப் பிரிக்காமலே வீடு திரும்பும் கனவில் இருந்தவர்களுக்கு, இனியும் மூட்டைகள் வரும் என்று காட்டியது அது. நகரம் விழுந்தபோது சிதேக்கியா இரவில் தப்பியோடி எரிகோ சமவெளியில் பிடிபட்டான். பிள்ளைகள் அவன் கண்முன் கொல்லப்பட, அதன்பின் கண்கள் பிடுங்கப்பட்டு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டான். அந்த நாட்டை அவன் காணமாட்டான், ஆனாலும் அங்கே சாவான் என்று எசேக்கியேல் சொல்லியிருந்தது அப்படித்தான் பொருள்பட்டது.

குற்றச்சாட்டு என்ன? சிலை வணக்கம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது முதலிடத்தில் இருக்கிறது, உண்மைதான்: கி.மு. 592-இல் கண்ட காட்சியில், ஆலயத்துக்குள்ளேயே 70 மூப்பர்கள் சுவரில் வரைந்த விலங்குருவங்களுக்குத் தூபம் காட்டுகிறார்கள், பெண்கள் பாபிலோனியத் தெய்வமான தம்மூசுக்காக ஒப்பாரி வைக்கிறார்கள், 25 பேர் ஆலயத்துக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே சூரியனைக் கும்பிடுகிறார்கள். ஆனால் 22-ஆம் அதிகாரப் பட்டியலைப் படித்தால் லஞ்சம், வட்டி, அந்நியனை ஒடுக்குதல், அனாதையையும் விதவையையும் வருத்துதல், பொருளுக்காகக் கொலை என்று நீள்கிறது. சோதோமின் பாவம் என்ன என்று 16-ஆம் அதிகாரம் சொல்வது இன்னும் வியப்பூட்டும்: இறுமாப்பு, வயிறு நிறையச் சோறு, கவலையற்ற வாழ்வு, அப்படியிருந்தும் ஏழையின் கையைப் பிடிக்காதது.

அதே காட்சியின் முடிவில் கடவுளின் மகிமை ஆலயத்தை விட்டுப் புறப்படுகிறது. ஒரேயடியாக அல்ல. முதலில் வாசற்படிக்கு வருகிறது, நிற்கிறது. பிறகு கிழக்கு வாசலுக்கு, அங்கும் நிற்கிறது. பிறகு நகரத்துக்குக் கிழக்கேயுள்ள மலைமேல் போய் நிற்கிறது. வீட்டைக் காலி செய்ய மனமில்லாதவர் ஒவ்வொரு நிலையிலும் திரும்பிப் பார்ப்பதைப்போல. பாபிலோன் படை இடித்தது காலியான வீட்டைத்தான் என்பது எசேக்கியேலின் வாதம். நாடுகடத்தப்பட்டவர்களுக்கு அவர் கொண்டுவந்த சொல் அதற்கு நேரெதிர்: அவர்கள் போன தேசங்களில் நானே அவர்களுக்குச் சிறிது காலம் பரிசுத்த இடமாயிருப்பேன் என்று கடவுள் சொன்னார் என்கிறார். 'சிறிது காலம்' என்று மொழிபெயர்க்கும் ஏபிரேயத் தொடரைச் 'சிறிய பரிசுத்த இடம்' என்றும் படிக்கலாம். யூத மரபு பின்னாளில் தங்கள் தொழுகைக்கூடங்களுக்கு இந்தத் தொடரையே பெயராக எடுத்துக்கொண்டது.

புளித்த திராட்சை

நாடுகடத்தப்பட்டுப் புலம்பிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு பழமொழி உலவியது: பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. மாங்காய் கடித்தவன் ஒருவன், பல் கூசுவது இன்னொருவனுக்கு என்று நம் வழக்கில் சொல்லலாம். இதில் நியாயமும் இல்லாமல் இல்லை. முன்னோர்கள் செய்த அரசியல் தவறுகளுக்கும் சமயத் தவறுகளுக்கும் இவர்கள்தான் விலை கொடுத்தார்கள். அப்பன் செய்த பாவம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தொடரும் என்று பத்துக் கட்டளைகளிலேயே இருக்கிறது. அதையும் மீறி எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தில் இந்தப் பழமொழியை இனிச் சொல்லாதீர்கள் என்கிறார். நல்லவன் ஒருவன், அவனுக்குப் பிறந்த கொடியவன், அந்தக் கொடியவனுக்குப் பிறந்து அப்பனைப் பார்த்துப் பயந்து நல்லவழி நடந்த பேரன் என்று மூன்று தலைமுறையைச் சட்ட வழக்குபோல் எடுத்துவைத்து, ஒவ்வொருவனும் தன் செயலுக்கே உரியவன் என்று தீர்ப்பு எழுதுகிறார். கொடியவன் திருந்தினால் பிழைப்பான் என்றும் சேர்க்கிறார். துன்மார்க்கனின் சாவில் எனக்கு என்ன இன்பம் என்று கடவுளே கேட்கிறார்.

இது பொறுப்பைச் சுமத்தும் பேச்சாகத் தோன்றும். விதியால் வந்தது என்று கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு இதுவே விடுதலைப் பேச்சு. இன்று அவன் செய்வது இன்றைக்குக் கணக்கில் வரும். முன்னோர் மரபோடு இந்த அதிகாரம் முரண்படுவது பிற்கால யூத அறிஞர்களுக்கும் உறுத்தியது. இந்நூலை ஒதுக்கிவைக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, எசேக்கியாவின் மகன் அனனியா என்ற அறிஞர் (முன்பு கண்ட அரசனோ தீர்க்கதரிசியோ அல்ல, பிற்காலத்தவர்கள்) 300 சாடி விளக்கெண்ணெய் தீரும்வரை மாடியறையில் உட்கார்ந்து முரண்களைப் பொருத்திக் காட்டினார் என்று யூத மரபு நூலான தல்மூத் சொல்கிறது. இந்நூலைப் படிப்பது எளிதன்று என்பதற்கு இதைவிட நல்ல ஒப்புதல் கிடைக்காது. குறிப்பாக, எருசலேமை வழிதவறிய பெண்ணாக உருவகித்து அவளுக்கு நேரும் வன்முறையை விரித்துரைக்கும் 16, 23-ஆம் அதிகாரங்கள் இன்றைய வாசகருக்கு, அதிலும் பெண்களுக்கு, அருவருப்பூட்டுவதில் வியப்பில்லை. உருவகம்தானே என்று அதை மழுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை.

திருப்பம்

கி.மு. 588 சனவரியில் முற்றுகை தொடங்கிய நாளை எழுதிவைக்கும்படி அவருக்குச் சொல்லப்படுகிறது. அதே அதிகாரத்தில் அவருடைய மனைவியின் சாவும் வருகிறது. 'உன் கண்களுக்கு விருப்பமானவளை' என்பதைத் தவிர அவளைப் பற்றி வேறொன்றும் இல்லை, பெயர்கூட இல்லை. காலையில் மக்களோடு பேசினார். மாலையில் மனைவி இறந்தாள். மறுநாள் காலையில் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் வெளியே வந்தார். இழவு வீட்டுச் சாப்பாட்டையும் தொடவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று ஊரார் கேட்டார்கள். உங்கள் கண்களுக்கு விருப்பமான ஆலயம் அழியும்போது உங்களுக்கும் அழத் தோன்றாது, அவ்வளவு திகைத்துப்போவீர்கள் என்பது பதில்.

முற்றுகை ஒன்றரை ஆண்டாவது நீடித்தது. யூதாவின் கடைசி நாள்கள் எப்படி இருந்தன என்பதற்கு லாகீசு கோட்டையில் 1935-இல் கிடைத்த பானையோட்டுக் கடிதம் ஒன்று சாட்சி: லாகீசின் தீ அடையாளத்துக்காகக் காத்திருக்கிறோம், அசேக்காக் கோட்டையைக் காண முடியவில்லை என்று ஒரு காவல்நிலை அதிகாரி எழுதியிருக்கிறார். நகரம் விழுந்து மாதங்கள் கடந்தபின், தப்பி வந்த ஒருவன் தெலாபீபுக்கு வந்து 'நகரம் அழிக்கப்பட்டது' என்றான். ஏபிரேயத்தில் அது இரண்டே சொற்கள்.

அன்றிலிருந்து எசேக்கியேலின் பேச்சு மாறுகிறது. வேடிக்கை என்னவென்றால், இப்போது மக்களுக்கு அவர் பிடித்துப்போகிறார். வீட்டுச் சுவரோரத்திலும் வாசலிலும் நின்று, வா, என்ன சொல்கிறார் கேட்போம் என்று ஒருவரையொருவர் கூப்பிடுகிறார்கள். இனிய குரலில் காதல் பாட்டுப் பாடுகிறவனைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டுப் போகிறார்கள், செய்வது ஒன்றுமில்லை என்று 33-ஆம் அதிகாரம் குறைபட்டுக்கொள்கிறது. முன்பு அவர்களிடம் பொய் நம்பிக்கை இருந்தது, அதை உடைத்தார். இப்போது எந்த நம்பிக்கையும் இல்லை: எங்கள் எலும்புகள் உலர்ந்துபோயின, நாங்கள் அறுப்புண்டு போனோம் என்கிறார்கள். இரண்டு முறையும் அவர் கூட்டத்தின் மனநிலைக்கு எதிராகவே பேசினார் என்பதைப் புரிந்துகொண்டால் நூலின் இரு பாதிகளும் ஒட்டிக்கொள்ளும்.

மந்தையைத் தின்று கொழுத்த மேய்ப்பர்களை, அதாவது அரசர்களை, விலக்கிவிட்டுக் கடவுளே மேய்ப்பராக வருவார் என்கிறது 34-ஆம் அதிகாரம். கல்லான இருதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இருதயத்தைத் தருவேன் என்கிறது 36. இதை உங்களுக்காகச் செய்யவில்லை, என் பெயருக்காகச் செய்கிறேன் என்றும் அங்கே ஒரு வெட்டு இருக்கிறது; ஆறுதல் சொல்லும்போதும் இவர் குழைவதில்லை. அவர்களுடைய நடத்தையை நம்பி வாக்குறுதி கொடுக்கப்பட்டிருந்தால் அது மீண்டும் முறிந்திருக்கும் என்பதுதான் அதன் தர்க்கம்.

37-ஆம் அதிகாரத்து எலும்புப் பள்ளத்தாக்கு பலருக்கும் தெரிந்தது. மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வாசகத்தையே எசேக்கியேல் காட்சியாக எடுத்துக்கொள்கிறார். உலர்ந்த எலும்புகள் இரைச்சலோடு ஒன்றோடொன்று சேருகின்றன, நரம்பு, சதை, தோல் என்று வரிசையாக மூடுகின்றன. அப்போதும் அவை பிணங்கள்தாம். அதன்பின் நான்கு திசையிலிருந்தும் காற்று அழைக்கப்படுகிறது. ஏபிரேயத்தில் 'ரூவாக்' என்ற ஒரே சொல் காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் உரியது என்பதால், அந்தப் பத்தியில் எங்கே காற்று முடிந்து மூச்சு தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. தமிழில் மூன்று சொல்லாக உடைத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. செத்தவர்கள் உயிர்த்தெழுவது பற்றிய கோட்பாடாக இதைப் பிற்காலத்தார் வாசித்தார்கள். சிரியாவின் தூரா யூரோப்போசு யூதத் தொழுகைக்கூடச் சுவரில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே இக்காட்சியைத் தீட்டியிருக்கிறார்கள். எசேக்கியேலின் வாயில் அது முதலில் ஒரு நாட்டைப் பற்றிய பேச்சு: இந்த எலும்புகள் இஸ்ரவேல் வம்சம் முழுவதும் என்று விளக்கமும் அங்கேயே இருக்கிறது. 'முழுவதும்' என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் காணாமற்போன வடநாட்டாரும் அதில் அடக்கம்.

கடைசி ஒன்பது அதிகாரங்கள், கி.மு. 573-இல் கண்ட புதிய ஆலயம், அளவுகோலும் கையுமாக எழுதப்பட்டவை. வாசல் எத்தனை முழம், மண்டபம் எத்தனை முழம் என்று போகும். முதல் வாசிப்பில் வேகமாகக் கடந்துவிடலாம், இரண்டு இடங்களில் மட்டும் நிற்க வேண்டும். 43-ஆம் அதிகாரத்தில் மகிமை போன அதே கிழக்கு வழியாகத் திரும்பி வருகிறது. 47-ஆம் அதிகாரத்தில் ஆலய வாசற்படியின் கீழிருந்து தண்ணீர் கசிகிறது. ஆயிரம் முழத்துக்கு ஒருமுறை அளந்தால் கணுக்கால், முழங்கால், இடுப்பு, பிறகு நீந்தினால்தான் கடக்க முடியும். அது சாக்கடலில் விழுந்து அதன் நீரை நன்னீராக்குகிறது, ஏன்கேதி ஓரத்தில் மீனவர்கள் வலை உலர்த்துகிறார்கள். சேற்று நிலங்களும் உளைகளும் மட்டும் நன்னீராகாது, உப்புக்கு விடப்படும் என்று ஒரு வரி. பேருவகையின் நடுவிலும் வீட்டுக்கு உப்பு வேண்டுமே என்று நினைத்த ஆசாரியரை எனக்குப் பிடித்துப்போனது அந்த வரியில்தான். அதே அதிகார இறுதியில், அவர்கள் நடுவே குடியிருந்து பிள்ளைகளைப் பெற்ற அந்நியருக்கும் நிலத்தில் பங்கு கொடுக்கச் சொல்கிறார். அந்நியராக வாழ்ந்து பார்த்தவரின் சட்டம்.

இந்த ஒன்பது அதிகாரங்களில் எருசலேம் என்ற பெயர் ஓரிடத்திலும் வருவதில்லை. நூலின் கடைசி வரி நகரத்துக்கு வேறு பெயர் வைக்கிறது: கர்த்தர் அங்கே இருக்கிறார். 'யேகோவா ஷம்மா' என்று தமிழ்க் கிறித்தவர்கள் வீட்டு வாசலில் எழுதிவைக்கும் தொடர் இதுதான்.

கி.மு. 539-இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைப் பிடித்து, அடுத்த ஆண்டு திரும்பிப் போக அனுமதி தந்தான். ஒரு பகுதியினர் போனார்கள், கி.மு. 515 அளவில் எளியதோர் ஆலயத்தைக் கட்டி முடித்தார்கள், எசேக்கியேலின் அளவுகளின்படி அல்ல. பெரும் எண்ணிக்கையினர் போகவே இல்லை. நிப்பூரில் 1893-இல் தோண்டியெடுத்த முராசு குடும்பத்தாரின் வணிகக் கணக்குப் பலகைகள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் யூதப் பெயர்கள் குத்தகைதாரராகவும் சாட்சிகளாகவும் வருகின்றன, கேபார் கால்வாயும் பெயரோடு வருகிறது. அந்தக் கரையில், நூற்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும், அவர்கள் பார்லி விதைத்துக்கொண்டிருந்தார்கள்.